இரவில் முகம் தெரிய வேண்டின்: வீட்டுக் காமிராவைப் பற்றிய ஒரு பாடம்

கைத்தறி நெசவாளரின் வீடு வெறும் குடியிருப்பு அன்று. அதுவே அவருடைய தொழிற்கூடமும், சங்கம் கொடுத்த நூலுக்குக் கிடங்கும் ஆகும். தறியில் ஏறிய பாவும், பரணில் வைத்த பட்டும் சரிகையும், நெய்து முடித்து ஒப்படைக்க வேண்டிய சேலைகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. இவற்றுள் பெரும்பகுதி சங்கத்தின் உடைமை. உறுப்பினர் பெயரில் பற்று எழுதப்பட்டு நிற்பது. விவசாயியின் வீட்டிலும் விற்பனைக்குக் காத்திருக்கும் மஞ்சள் மூட்டைகளும் பருத்திப் பொதிகளும் உண்டு. ஆகவே, உறுப்பினர் பலர் தத்தம் வாசலில் கண்காணிப்புக் காமிரா பொருத்திக்கொள்வது விவேகமான செயலே. ஆயினும், பகலில் வாசற்கோலத்தின் புள்ளிகளைக்கூட எண்ணிக் காட்டும் அதே காமிரா, களவு நிகழக்கூடிய இரவு வேளையில் உருவத்தை மட்டும் காட்டி முகத்தை மறைத்துவிடுகிறது.

நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த ஒரு சங்கத்தில், உறுப்பினர் ஒருவர் வீட்டிலிருந்து பட்டு நூல் களவு போயிருந்தது. காமிரா அன்றிரவு தவறாமல் ஓடியிருந்தது. பதிவில், வெளிறிய சட்டை அணிந்த ஓர் உருவம் வாசலைக் கடந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு ஒன்றே இருந்தது. எப்பொழுதும் வெள்ளைச் சட்டையே அணியும் அண்டை வீட்டுக்காரர்மீது தெருவார் ஐயங்கொண்டனர். அந்த ஐயத்திற்கு அந்தப் படம் எள்ளளவும் ஆதாரமாகாது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

காமிராவின் வேலை வெளிச்சத்தைச் சேர்ப்பது. நண்பகல் வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். முழுநிலவின் வெளிச்சமோ ஒரு லக்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு குறைந்த ஒளியில் படம் எடுக்க நேர்ந்தால், காமிரா இரண்டு உபாயங்களைக் கையாளுகிறது. ஒன்று, ஒவ்வொரு படத்துக்கும் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்தல். மற்றொன்று, கிடைத்த அற்ப ஒளியைச் செயற்கையாகப் பெருக்குதல். பெருக்கினால் மணல் தூவியது போன்ற புள்ளிகள் படமெங்கும் தோன்றும். கண்ணைத் திறந்தே வைத்தாலோ, நடப்பவர் உருவம் இழுபட்டுப் போகும். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு ஒன்றேகால் மீட்டர் செல்கிறார் எனக் கொள்வோம். விநாடியில் 12இல் ஒரு பங்கு நேரம் கண் திறந்திருப்பின், அதற்குள் அவர் முகம் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். முகத்தின் அகலமே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் என்றால், மூக்கும் கண்ணும் எங்ஙனம் தெளிவுறும்? அசையாத திண்ணைத் தூண் அழகாகத் தெரிவதும், அசையும் மனிதர் மட்டும் மங்கிப்போவதும் இதனாலேயே.

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் எண்ணிக்கை. அது பகலுக்கு நல்லது. இரவுக்கு அதை மட்டும் நம்புதல் கூடாது. ஒரே அகலத்தில் இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வோர் இழையும் மெலிய வேண்டும் என்பது நெசவாளர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வாறே, ஒரே அளவுள்ள உணர்தகட்டில் 2 மெகாபிக்சலுக்குப் பதில் 8 மெகாபிக்சல் அமைத்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிட்டும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். ஆகவே வாங்கும்போது உணர்தகட்டின் அளவையும், லென்ஸின் எஃப் எண்ணையும் கேட்க வேண்டும். எஃப் 1.0 லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். இங்கு எண் சிறுத்தால் குணம் பெருகும்.

இனி அகச்சிவப்பு ஒளிக்கு வருவோம். மாலையில் இருள் சூழ்ந்ததும் காமிராவினுள் ‘டிக்’ என்று ஒரு மெல்லிய ஓசை கேட்கும். பகலில் அகச்சிவப்பைத் தடுத்துநின்ற கண்ணாடி வடிகட்டி அப்பொழுது விலகுகிறது. லென்ஸைச் சுற்றியுள்ள சிறு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. படம் கறுப்பு வெள்ளையாக மாறுகிறது. 850 நானோமீட்டர் விளக்குகள் உற்றுப் பார்ப்பவர்க்கு மங்கிய செந்நிறமாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரியா. ஆனால் அவ்வொளியைக் காமிரா குறைவாகவே உணர்வதால், எட்டும் தூரமும் குறையும்.

நம் தொழிலைச் சார்ந்த ஓர் உண்மை இங்கே இருக்கிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றும் சாயங்களுள் பல, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஆதலால் பகலில் கன்னங்கறேலென்றிருக்கும் சட்டை, இரவுப் படத்தில் சாம்பல் நிறமாகவோ, ஏறத்தாழ வெள்ளையாகவோ தோன்றக்கூடும். வேறொரு சாயமேறிய கறுப்புத் துணி கறுப்பாகவே நிற்கும். ஐயமுள்ளோர் தம் வீட்டிலுள்ள நாலைந்து கருந்துணிகளை இரவில் காமிராவின் முன் விரித்துப் பார்க்கலாம். அங்ஙனமிருக்க, மேற்சொன்ன பதிவிலுள்ள உருவம் வெள்ளைச் சட்டைதான் அணிந்திருந்தது என எவர் சொல்ல முடியும்? சங்க நிர்வாகக் குழுவின் முன்னிலையில் இச்சோதனையைச் செய்து காட்டினோம். கறுப்பு வேட்டி ஒன்று திரையில் வெளுத்துத் தோன்றியதைக் கண்டபின், அண்டை வீட்டுக்காரரைப் பற்றிய பேச்சு அடங்கியது.

அப்படியாயின் முகம் ஏன் வெள்ளைத் திட்டாயிற்று? அந்த வீட்டில் காமிராவுக்கு ஒரு சாண் தூரத்தில் வெள்ளையடித்த சுவர் இருந்தது. விளக்கிலிருந்து தூரம் இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். அருகிலுள்ள சுவர் வெயில்போல் எரிந்து கூசவே, படம் முழுவதும் வெளிறிப் போயிற்று. அதன்மேல், லென்ஸில் பஞ்சுத் தூசி படர்ந்திருந்தது. குறுக்கே ஒரு சிலந்தி வலையும் இருந்தது. விளக்கை நாடிப் பூச்சிகள் வரும், பூச்சியை நாடிச் சிலந்தி வரும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இழைகூட, லென்ஸின் அருகே அகச்சிவப்பில் வெண்கயிறாகப் பிரகாசிக்கும். தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசிக்குக் குறைவில்லை. ஆதலின் வாரம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைப்பது, ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் புதிய காமிரா வாங்குவதைவிட அதிகப் பலன் தரும். காமிராவைச் சன்னல் கண்ணாடிக்குள் வைப்பதும் கூடாது. அதன் ஒளியே கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணை மறைக்கும்.

நமது கருத்தில், மிகச் சிறந்த பரிகாரம் தனி விளக்கே. 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று இரவு 10 மணி நேரம் எரிந்தால், மாதத்துக்கு 2.7 யூனிட் மின்சாரம்தான் செலவாகும். அவ்வெளிச்சத்தில் காமிரா வண்ணப் படமே எடுக்கும். சட்டையின் நிறம் பற்றிய வழக்கும் எழாது. ஆனால் விளக்கு, வருபவர் முகத்தில் பட வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் எரிந்தால் நிழலுருவமே கிட்டும். காமிராவுக்கு மேலாகவும் ஒரு பாகமேனும் பக்கவாட்டில் விலகியும் பொருத்துக. பூச்சியும் மழைத் துளியும் அப்பொழுது லென்ஸின் முன் மின்னா. ஆள் வந்ததும் எரியும் விளக்கு திருடரை வெருட்டும் என்பது உண்மை. ஆயின் காமிரா கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறும் ஓரிரு விநாடியில் முகம் தப்பிவிடுவதும் உண்டு. மங்கலாயினும் இடையறாது எரியும் விளக்கையே நாம் விரும்புகிறோம்.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டையில் ‘30 மீட்டர்’ என்று அச்சிட்டிருப்பது, அத்தூரம்வரை ஏதோ ஓர் உருவம் தெரியும் என்பதேயன்றி, ஆளை அடையாளம் காணலாம் என்பதன்று. அறிமுகமில்லாத முகத்தை அடையாளம் காண, அங்கு ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். கிடையில் 1,920 புள்ளிகளுள்ள சாதாரண 2 மெகாபிக்சல் காமிரா, அந்தக் கணக்கில் ஏழரை மீட்டர் அகலத்தையே காக்க முடியும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் இந்த எல்லை 3 அல்லது 4 மீட்டர் தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அகலம் குறைவு. எட்டும் தூரம் இருமடங்கு. தெரு முழுவதும் தெரிய வேண்டும் என்ற ஆசையை விடுத்து, வாசற்படி ஒன்றையே நன்றாகப் பார்க்கும்படி அமைத்தல் நலம். அண்டை வீட்டாரின் அந்தரங்கத்துக்கும் அதுவே மரியாதை. உயரம் சுமார் இரண்டரை மீட்டர் போதும். அதற்குமேல் ஏற்றினால் தலையுச்சிதான் பதிவாகும்.

காமிராவின் உள்ளமைப்புகளில், கண் திறக்கும் நேரம் விநாடியில் 50இல் ஒரு பங்குக்கு மேற்படாமல் நிறுத்துக. நம் மின்சாரம் 50 சுற்று உடையதாதலால் விளக்கின் துடிப்பும் படத்தில் கோடாக விழாது. புள்ளி நீக்கும் அமைப்பை மிகையாக வைத்தால், நடப்பவர் பின்னே ஆவி போல ஒரு நிழல் தொடரும்; நடுத்தரமாக வைப்பதே போதும். இவற்றைப் பொருத்துபவரிடமே செய்விக்கலாம்.

அவர் பகலில் பொருத்திக் காட்டிவிட்டுப் பணம் பெற்றுக்கொண்டு போக இடங்கொடாதீர்கள். இரவு 9 மணிக்குமேல் வீட்டார் ஒருவர் வாசலில் வழக்கமான வேகத்தில் நடக்க, அப்பதிவை நிறுத்திப் பார்த்து, முகம் தெரிந்தபின்னரே பாக்கியைக் கொடுக்க வேண்டும். கடிகாரமும் சரியான நேரம் காட்டுகிறதா எனப் பார்த்துக்கொள்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, இத்தகைய பதிவின் நகலை நீதிமன்றத்தில் சாட்சியமாக்கச் சான்றிதழும் இணைக்க வேண்டும். பதிவுப் பெட்டி நிறைந்ததும் பழைய படங்களின்மேல் புதியவை எழுதப்பட்டுவிடும். ஆதலால், களவு தெரிந்த அன்றே அந்த இரவின் பகுதியைத் தனியே நகலெடுத்துக் காவல் நிலையத்தில் மனுவுடன் ஒப்படைத்து, சங்கக் காரியதரிசிக்கும் எழுத்து மூலம் அறிவித்தல் அவசியம்.