தோளில் இரண்டு நட்சத்திரம்

(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)



நம் பாலிடெக்னிக்கில் என்.சி.சி.யில் சேருகிறவர்களில் பாதிப்பேர் பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்குக்காகத்தான் சேருகிறார்கள் என்று ஹாஸ்டலில் ஒரு பேச்சு உண்டு. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் சேர்ந்தது ராணுவ ஆபீசர் ஆக. "சி சர்டிபிகேட் வாங்கிட்டா போதும்டா, எழுத்துப் பரீட்சையே கிடையாது, நேரா ஆபீசர்தான்" என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பி, ஒன்றரை வருடம் விடியற்காலையில் எழுந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டேன்.

இரண்டாமாண்டு முகாமில் எங்களுக்கு டிரில் சொல்லித் தந்த ஹவில்தாரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, டிகிரி இருக்கா?" அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சீனியர் சொன்னதில் பாதி உண்மை. என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்ற வழியில் எழுத்துப் பரீட்சை இல்லைதான். ஆனால் டிகிரியில் 50 சதவீத மார்க்கும், சி சர்டிபிகேட்டில் குறைந்தது பி கிரேடும் வேண்டும். வயது 19 முதல் 25 வரை. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வுக்கும் டிகிரிதான் கேட்கிறார்கள். (பரங்கிமலை ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் எழுதுகிறவர்களுக்கு அதில் கணக்குத் தாள் கிடையாது. 1992 முதல் பெண்களுக்கும் அங்கே பயிற்சி உண்டு, தங்கைகள் கவனிக்க!)

அப்படியானால் மூன்று வருடப் பரேடு வீணா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தாவது முடித்து வந்த நமக்கு டிப்ளமோ முடியும்போது வயது 18. லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாமாண்டு சேர்ந்தால் 21-இல் டிகிரி. இங்கே வாங்கும் சி சர்டிபிகேட் அப்போதும் கையில் இருக்கும். 25 ஆவதற்கு இன்னும் நான்கு வருடம்! மனசு கொஞ்சம் ஆறியது.

எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் தேர்வைத் தாண்டியாக வேண்டும். ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள். 4 நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுத வேண்டும். இப்படி 11 படங்கள், கடைசியில் ஒரு வெற்று அட்டை. பிறகு 60 வார்த்தைகள், வார்த்தைக்கு 15 வினாடி. யோசித்து நல்லபிள்ளையாக நடிக்க நேரமே இருக்காது.

எனக்குப் பிடித்தது மைதானத்தில் நடக்கும் குழுப் பணி. பலகை, கயிறு, மரக்கட்டை கொடுத்து, தரையில் கால் படாமல், சிவப்பு அடித்த இடத்தைத் தொடாமல், ஒரு சுமையோடு அக்கரை சேரச் சொல்வார்கள். தலைவர் யாரும் கிடையாது. ஹவில்தார் சொன்னதைக் கேட்டு, ஒர்க்ஷாப் பின்னால் கிடந்த பலகையையும் மூன்று டிரம்மையும் வைத்து நாங்களே செய்து பார்த்தோம். நான்தான் சத்தமாக உத்தரவு போட்டேன். பலகை சாய்ந்து, சிவில் நண்பன் சுண்ணாம்புக் கோட்டு ஆற்றில் விழுந்தான். அதுவரை வாயே திறக்காத ஒரு முதலாமாண்டுப் பையன், "அண்ணே, பின் முனையில ரெண்டு பேர் உக்காந்தா முன்னாடி ஒருத்தர் நடக்கலாம்ல?" என்றான். மெக்கானிக்ஸ் பேப்பரில் நான் 84 மார்க் வாங்கிய அதே கேன்டிலீவர்! பரீட்சைத் தாளில் வந்தது, பலகை மேல் நிற்கும்போது வரவில்லை. அதைவிட, மற்றவர்களைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

வீட்டில் வேறு பிரச்சினை. தங்கச்சி படிக்கிறாள், டிப்ளமோ முடித்ததும் வேலைக்குப் போ என்கிறார் அப்பா. தப்பென்று சொல்ல முடியவில்லை. ஓ.டி.ஏ. பயிற்சி 49 வாரம்தான், ஆனால் அதற்கு முன் மூன்று வருடம் பி.இ. பீஸ் கட்ட வேண்டுமே. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

முதலாமாண்டுத் தம்பிகளே, சேரும்போதே இதையெல்லாம் தெரிந்துகொண்டு சேருங்கள். பரேடு வருகை 75 சதவீதம் குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். பி சர்டிபிகேட் இல்லாமல் சி கிடையாது. பலகையும் டிரம்மும் இன்னும் ஒர்க்ஷாப் பின்னால்தான் கிடக்கின்றன. சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் அங்கே இருப்போம்.