உதிர்ந்த ஆப்பிளைக் கூழாக்கிச் சேமித்தல்

மலைநாட்டில் ஆப்பிள் மரம் வைத்திருக்கும் குடியானவர் ஒவ்வொரு பருவத்திலும் அடையும் நஷ்டத்தில் ஒரு பெரும் பாகம் மரத்தடியிலேயே கிடக்கின்றது. காற்றில் உதிர்ந்து அடிபட்ட பழம், பறவை கொத்திய பழம், சிறுத்தும் கோணியும் போன பழம் ஆகியவற்றை வியாபாரி ஏறெடுத்தும் பாரான். பார்த்தாலும் சுமை கூலிக்கும் கட்டாத விலையே கூறுவான். சிறிதளவை வீட்டார் தின்கின்றனர். எஞ்சியது ஈ மொய்த்து அழுகி, அடுத்த வருஷத்துப் பூச்சிக்கும் பூசணத்துக்கும் விதையாகின்றது. இப்பழத்தை உரிய காலத்தில் வேக வைத்துக் கூழாக்கிப் போத்தலில் அடைத்துக்கொண்டால் வருஷம் முழுவதும் வீட்டுக்கு உதவும். இதற்கு யந்திரம் வேண்டியதில்லை. அடுப்பும் பெரிய பாத்திரமும் நல்ல மூடியுள்ள கண்ணாடிப் போத்தல்களும் போதும். ஆனால் கவனம் வேண்டும்.

பழனி மலையின் மேற்பாகத்திலும் நீலகிரியிலும் பயிராகும் ரகங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. ஐரிஷ் பீச் என்னும் முன்பருவப் பழம் பறித்த சில நாட்களிலேயே மாவுபோல் ஆகிவிடும். வைத்து விற்பதற்கு இக்குணம் குறையேயாயினும் கூழுக்கு அது பாதகமன்று. ரோம் பியூட்டி வெந்த பின்னும் எளிதில் உருக்குலைவதில்லை. ஆகவே அதற்குச் சற்று அதிக நேரம் தேவை. புளிப்புள்ள பழமும் இனிப்புள்ள பழமும் கலந்து செய்வதே சிலாக்கியம். புளிப்பு ருசியையும் பாதுகாப்பையும் தருகின்றது. இனிப்பு சர்க்கரைச் செலவைக் குறைக்கின்றது.

அடிபட்ட பழம் வேறு, பூசணம் பிடித்த பழம் வேறு. இவ்வித்தியாசத்தை அறியாமல் இத்தொழிலில் இறங்குதல் கூடாது. கீழே விழுந்து தோல் கன்றிய பழத்தில் கன்றிய பாகத்தை அரிந்து நீக்கி மற்றதைத் தாராளமாக உபயோகிக்கலாம். நீலமும் பச்சையும் கலந்த பூசணம் படர்ந்து அழுகிய பழமோ வேறு வகை. அப்பூசணம் பாட்டுலின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றது. அந்நஞ்சு அழுகலைச் சுற்றியுள்ள நல்ல சதையிலும் ஓரளவு ஊறியிருக்கும். கொதிக்க வைத்தால் பூசணம் மடியுமேயன்றி நஞ்சு முற்றும் அழியாது. ‘வேக வைத்தால் எல்லாம் சுத்தம்’ என்று எண்ணி அழுகலைத் தோண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பானையில் இடுகின்ற சிக்கனம் குழந்தைகள் உள்ள வீட்டில் பெருந்தீங்கு. அத்தகைய பழத்தை முழுமையாகக் குழியில் இட்டு மண் மூடுவதே முறை. தரையில் விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குவதும், ஆடுமாடு மேய்ந்த இடத்தில் கிடந்ததை மிக நன்றாகக் கழுவுவதும் அவசியம்.

ஒரு லிட்டர் கூழுக்கு ஏறக்குறைய 3 ராத்தல் பழம் செல்லும். அதாவது 1,350 கிராம். பழத்தைக் கழுவித் தோலும் நடுவிதையும் நீக்கித் துண்டமாக்க வேண்டும். அரிந்த ஆப்பிள் காற்றுப் பட்டதும் பழுப்பேறும் என்பது யாவரும் அறிந்ததே. எலுமிச்சஞ்சாறு கலந்த ஜலத்தில் துண்டங்களைப் போட்டு வைத்தால் நிறம் பெரிதும் மாறாது. பாத்திரம் எனாமல் பூசியதாகவோ எவர்சில்வராகவோ இருத்தல் வேண்டும். பழத்தின் புளிப்பு பித்தளையையும் செம்பையும் அரித்துக் களிம்பை உண்டாக்கும். இரும்பில் கூழ் கறுக்கும்.

துண்டங்களை வடித்தெடுத்து, அடி பிடிக்காத அளவுக்கு மட்டும் கொஞ்சம் ஜலம் விட்டு, மூடி வேக வைக்கவும். ரகத்தையும் பக்குவத்தையும் பொறுத்து 5 முதல் 20 நிமிஷத்தில் துண்டங்கள் குழையும். அடிக்கடி துழாவ வேண்டும். வெந்ததை மத்தால் மசித்தோ சல்லடையில் தேய்த்தோ எடுத்துக்கொள்ளலாம். சற்றுத் திப்பியாக இருப்பதை விரும்புவோர் சல்லடையை விட்டுவிடலாம். சர்க்கரை விருப்பத்தைப் பொறுத்ததே. ஜாமில் சர்க்கரை பழத்தைக் கெடாமல் காக்கின்றது. கூழில் அவ்வேலையைச் செய்வன சூடும் புளிப்பும் காற்றுப் புகாத மூடியுமே. ஆதலால் சர்க்கரை சிறிதும் சேர்க்காத கூழும் கெடாது நிற்கும். இரண்டொரு கிராம்போ சிறிது ஏலப்பொடியோ சேர்க்கலாம். ஆனால் வாழைப்பழத்தையும் பூசணிக்காயையும் கலந்து அளவைப் பெருக்குதல் கூடவே கூடாது. அவற்றில் புளிப்புக் குறைவு. புளிப்புக் குறைந்த அடைப்பில் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமி காற்றில்லாமலே வளரும். அக்கிருமியின் வித்துக்கள் கொதிநீருக்கும் மடிவதில்லை. ஆப்பிளின் இயற்கைப் புளிப்பு அவற்றை முளைக்கவிடாமல் தடுக்கின்றது என்பதாலேயே சாதாரணப் பாத்திரத்தில் இவ்வேலையைச் செய்ய இயலுகின்றது.

பிரான்சு தேசத்து நிக்கோலா அப்பேர் என்பவர் உணவைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் முறையை 1810-இல் நூலாக வெளியிட்டார். உணவு ஏன் கெடாமல் நிற்கின்றது என்பதை அவர் அறிந்திலர். ஏறக்குறைய 50 வருஷத்துக்குப் பிறகே லூயி பாஸ்டர் கிருமிகளின் செயலை விளக்கினார். இன்றைய முறையும் சாராம்சத்தில் அப்பேர் செய்ததே.

போத்தலையும் மூடியையும் சோப்பினால் கழுவி வெந்நீரிலேயே வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் கூழை வார்த்தால் போத்தல் வெடிக்கும். கூழை மறுபடியும் கொதி வரச் சூடாக்கி, வாயிலிருந்து அரை அங்குலம் இடம் விட்டு நிரப்பவும். ஒரு மெல்லிய மரக்குச்சியை உட்புறமாகச் சுற்றி ஓட்டிச் சிக்கிய காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, வாய் விளிம்பைச் சுத்தமான ஈரத்துணியால் துடைத்து மூடவும். விளிம்பில் ஒட்டிய ஒரு துளிக் கூழும் மூடி படியாமல் செய்துவிடும். ஊறுகாய் வந்த போத்தலின் பழைய மூடி இதற்கு உதவாது. அதன் ரப்பர்ப் பூச்சு ஒரு முறை அழுந்தியபின் மறுமுறை இறுகுவது நிச்சயமன்று.

அடியில் மரச்சட்டமோ மடித்த துணியோ இட்ட ஆழமான பாத்திரத்தில் போத்தல்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி வெந்நீர் விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். மலைவாசிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இங்கே உள்ளது. சமுத்திரக் கரையில் ஜலம் 212 பாரன்ஹீட் டிகிரியில் கொதிக்கின்றது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறுந்தோறும் ஏறக்குறைய 2 டிகிரி குறைகின்றது. சுமார் 7,300 அடி உயரமுள்ள உதகமண்டலத்தில் ஜலம் 198 டிகிரியளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடேறாது. எனவே சமவெளிக்கு எழுதிய புஸ்தகத்தில் கண்ட நிமிஷக் கணக்கை மலையில் அப்படியே பின்பற்றினால் கிருமிகளில் ஒரு பங்கு பிழைத்திருக்கும். 1,000 அடிக்குட்பட்ட ஊரில் அரை லிட்டர்ப் போத்தலுக்கு 15 நிமிஷமும் ஒரு லிட்டர்ப் போத்தலுக்கு 20 நிமிஷமும் போதும். 6,000 அடிக்கு மேற்பட்ட உதகை, கோடைக்கானல் போன்ற இடங்களில் முறையே 25 நிமிஷமும் 35 நிமிஷமும் வேண்டும். குன்னூர் 6,000 அடியை ஒட்டியிருப்பதால் அங்கும் அதிக நேரத்தையே கொள்வது உசிதம். ஜலம் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகே நிமிஷத்தை எண்ண வேண்டும்; நடுவில் கொதி அடங்கினால் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

அடுப்பை அணைத்து 5 நிமிஷம் கழித்துப் போத்தல்களை எடுத்து, ஒன்றையொன்று தொடாமல் துணிமேல் வைக்கவும். ஈரக் கல்தரையில் வைத்தால் விரியும். ஒரு பகலும் ஓர் இரவும் அசைக்காமல் விட்டுப் பின் மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். உள்வாங்கி அசையாமல் இருந்தால் நன்றாக இறுகிற்று எனக் கொள்ளலாம். அமுங்கி மேலெழும்பினால் இறுகவில்லை. அப்போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் செலவழித்துவிட வேண்டும். முற்காலத்தில் பழப் பாகங்களின் மேல் உருக்கிய மெழுகை வார்த்து மூடும் வழக்கம் இருந்தது. மெழுகு ஆறும்போது ஓரத்தில் விரிசல் விட்டுப் பூசணத்துக்கு வழி செய்வதால் இப்போது அது விலக்கப்பட்டிருக்கின்றது. சூடான போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும் என்பாரும் உளர். அது விறகை மிச்சப்படுத்துமேயன்றிக் கூழைக் காக்காது.

ஒவ்வொரு போத்தலிலும் தேதியை எழுதி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஒரு வருஷம் வரை ருசி குன்றாது. மூடி உப்பியிருந்தாலும், திறக்கும்போது கூழ் பீறிட்டாலும், நுரையோ புளித்த வாடையோ காணப்பட்டாலும், ருசி பாராமலே அப்புறப்படுத்த வேண்டும்.

இக்கூழைச் சத்து மருந்து என்று விளம்பரம் செய்வது மிகை. ஆப்பிளில் வைட்டமின் ‘சி’ நெல்லிக்காயில் உள்ளதில் மிகச் சிறு பங்கே. ஆயினும் எளிதில் விழுங்கத்தக்க உணவாதலால் பல் போன முதியவருக்கும் ஏற்றது. 6 மாதம் கடந்த குழந்தைக்குச் சர்க்கரையின்றிச் செய்ததைக் கொடுக்கலாம். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளவும் நன்று. விற்க எண்ணுவோர், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதலில் பதிவு செய்துகொள்ளுதல் அவசியம்.

நீக்கிய தோலையும் நடுப்பாகத்தையும் எறிய வேண்டாம். அவற்றில் பெக்டின் மிகுதி. ஜலத்தில் வேக வைத்து வடித்த சாற்றைக் கொய்யா போன்ற வேறு பழத்தின் ஜாமில் சேர்த்தால் விரைவில் இறுகும். வடித்தபின் எஞ்சிய சக்கை எருக்குழிக்கு ஆகும்.