மேற்கணக்குப் பாட்டியும் வந்து சேர வேண்டும்

வைகாசிக்குப் பிந்திய முகூர்த்தம் என்று ஐயர் நாள் குறித்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் கொஞ்சம் தயங்குவார்கள். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை. கினிகத்தேனையில் இருந்து வட்டவளை வரைக்குமான இந்த மேற்குச் சரிவில் அது 5,000ஐத் தாண்டும். மே கடைசியில் பிடிக்கிற தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரைக்கும் விடாது. அந்த மாதங்களில் பந்தல் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே கூடாது. தறப்பாளில் தண்ணீர் தேங்கித் தொங்கும். அதைக் கம்பால் தூக்கி வடித்துவிட ஓர் ஆளை நாள் முழுக்க நிறுத்த வேண்டும். அது வடிகிற இடத்தில்தான் பந்தியும் இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் தங்கச்சியின் கல்யாணத்தையும் பிறகு அக்கா மகளின் கல்யாணத்தையும் முன்னின்று நடத்தியது நான். முதலாவது தோட்டத்துக் கோவிலில் நடந்தது. மற்றது ஹட்டனில் ஒரு மண்டபத்தில். இரண்டிலும் கற்றுக்கொண்டதை, இனிமேல் கல்யாணம் வைக்கப்போகிற வீடுகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் நாள். இடம் பார்க்கப் போவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். தை, மாசி, பங்குனிதான் எங்களுக்கு வாய்த்த மாதங்கள். வெயில் இருக்கும், பாதை காய்ந்திருக்கும். ஆனால் அதே காலம்தான் சிவனொளிபாதமலைப் பருவமும். மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக் போயா வரை யாத்திரை நடக்கும். சனி, ஞாயிறு, போயா சேர்ந்து வருகிற வாரக் கடைசியில் ஹட்டன் நகரம் வாகனத்தால் அடைத்துக் கிடக்கும். வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தங்க அறை கிடைக்காது, மாப்பிள்ளை வீட்டு வேன் மல்லியைப்பூ சந்தியில் நின்றுவிடும். ஆகவே பருவத்துக்குள் முகூர்த்தம் வைப்பவர்கள் நீண்ட விடுமுறை சேராத ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேடுங்கள். ஏப்ரலில் நுவரெலியா வசந்த கால விழா நடக்கும்போது மலைப்பக்கம் முழுக்க அறை வாடகை ஏறியிருக்கும். மே முதலாம் திகதியை ஒட்டி எந்த மண்டபத்தையும் கேட்காதீர்கள். தொழிற்சங்கங்களின் மே தினக் கூட்டங்கள் நடக்கிற காலம் அது. மண்டபம் கிடைத்தாலும் பஸ் கிடைக்காது.

ஞாயிறு ஏன் என்றால், அன்று பெரும்பாலும் மலையில் வேலை இல்லை. கிழமை நாளில் கல்யாணம் வைத்தால் வருகிற ஒவ்வொருவரும் அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்துதான் வர வேண்டும். கூப்பிடுகிற நாங்கள் அதை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று, சம்பளம் பத்தாம் திகதி வாக்கில் கிடைக்கும். பத்துக்கு முந்திய ஞாயிறு என்றால் மொய் எழுதுவதற்காக வட்டிக்கு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருப்பார்கள். பத்துக்குப் பிந்திய ஞாயிறு என்றால் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை எடுத்துக்கொண்டு சந்தோசமாக வருவார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு இரண்டு நாள் வாய்த்திருந்தது. பிந்தியதை எடுத்ததற்கு இதுதான் காரணம்.

போயா நாளைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று மதுக்கடையும் இறைச்சிக் கடையும் பூட்டியிருக்கும். முகூர்த்தச் சாப்பாடு மரக்கறிதானே, அதனால் குறையில்லை. குடித்துவிட்டுப் பந்தியில் சண்டை இழுப்பதும் குறையும் என்று எங்கள் லயத்துப் பெண்கள் பலர் போயா முகூர்த்தத்தையே விரும்புகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். கசிப்பு விற்பவனுக்குப் போயா கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைத் தடுக்க வேண்டுமானால் தோட்டத் தலைவரிடமும் இளைஞர்களிடமும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். கறி விருந்தை அடுத்த நாள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்குரிய இறைச்சியை எங்கே, எப்போது வாங்குவது என்று மட்டும் கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

இனி இடம். எங்கள் கையில் மூன்று வழிகள் இருந்தன. தோட்டத்துக் கோவிலும் அதன் பக்கத்துப் பொது மண்டபமும் ஒன்று. ஹட்டன், கொட்டகலைப் பக்கத்து மண்டபங்கள் இன்னொன்று. ஹட்டனில் டி.கே.டபிள்யூ. மண்டபம், கொட்டகலையில் சி.எல்.எஃப். வளாகம் என்று விழாக்கள் நடக்கிற பெரிய இடங்கள் பலருக்கும் தெரியும். மூன்றாவது ஹோட்டல். ஹோட்டலை நாங்கள் விசாரித்ததோடு விட்டுவிட்டோம். தலைக்கு இவ்வளவு என்று தட்டுக் கணக்கில் விலை சொல்கிற இடத்தில், ஒரு பத்திரிகைக்கு ஒரு குடும்பமே வருகிற எங்கள் வழக்கம் சரிப்பட்டு வராது.

இடத்தைத் தீர்மானிக்க நான் வைத்துக்கொண்ட அளவு ஒன்றுதான்: இந்தக் கல்யாணத்துக்கு யார் கட்டாயம் வர வேண்டும், அவர்கள் எப்படி வந்து சேருவார்கள்? தங்கச்சி கல்யாணத்தின்போது தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் இருந்த எங்கள் பாட்டிக்கு முழங்கால் வலி. அவரிடம் போய் ஹட்டன் மண்டபம் என்று சொன்னேன். "பஸ்ஸில எல்லாம் ஏறி எறங்க முடியாதும்மா. இங்கன கோயில்ல வச்சீங்கன்னா எப்பிடியாச்சும் எறங்கி வந்து அட்சத போட்டுருவேன்" என்றார். கொழுந்து எடுத்து அப்பாவையும் சித்தப்பாமாரையும் வளர்த்த மனுசி அவர். அவர் இல்லாமல் யாருக்காக அந்தக் கல்யாணம்? அன்றைக்கே கோவில் என்று முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பத்திரிகைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எங்கிருந்து வருகிறார் என்று எழுதினேன். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, பக்கத்துத் தோட்டம் என்றே பாதிக்கு மேல் வந்தது. அக்கா மகளுக்கு அதே பட்டியலைப் போட்டபோது நிலைமை வேறாக இருந்தது. மாப்பிள்ளை தலவாக்கலைப் பக்கம், இருவரும் கொழும்பில் வேலை, நண்பர்கள் கொழும்பிலும் கண்டியிலும் இருந்து வருகிறவர்கள். ஹட்டன் எல்லாருக்கும் நடுவில் விழுந்தது. தோட்டத்துச் சனத்துக்கு இரண்டு பஸ் பிடித்தோம். கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்களும் இந்தப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள். மண்டபத்தின் அழகு பிறகு.

தோட்டத்தில் வைப்பதென்றால் செலவு குறையும், வேலை கூடும். கோவில் கமிட்டியிடம் கேட்பதோடு முடியாது. பொது மண்டபமோ பெரட்டுக்களமோ விளையாட்டு மைதானமோ, தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் நாள், நேரம், எந்த இடம், எத்தனை வாகனம் என்பவை இருக்கட்டும். துரை மாறிப் போனாலும் கடிதம் இருந்தால் பேச்சில்லை.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. தையிலும் மாசியிலும் மழை இல்லாததால் கல்யாணத்துக்கு நல்லது என்றேன். அதே காரணத்தால் பீலியில் தண்ணீர் நூலாக ஒழுகும். நானூறு பேருக்குச் சமைக்கவும் பாத்திரம் கழுவவும் கை அலம்பவும் அது எப்படிக் காணும்? முந்திய நாள் காலையிலிருந்தே தாங்கிகளை நிரப்பி மூடி வைத்தோம். பவுசர் கிடைக்கிற இடத்தையும் விசாரித்து வைத்திருந்தோம்.

விறகுக்கு அதைவிட முந்த வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற காலத்தில் மிலார்க் குச்சிகள் கிடைக்கும்போதே சேர்த்து, கூரைக்குக் கீழே காய வைத்துவிடுங்கள். எங்கள் சமையல்காரர் வந்ததும் சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை, விறகைத்தான் தொட்டுப் பார்த்தார். "அக்கா, காஞ்ச வெறகா இருந்தா வெள்ளனயே சோறு எறக்கிருவேன். ஈரமா இருந்தா எந்நேரமாகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். மிலார் பிடித்துக்கொள்ள உதவும், பெரிய அண்டாவுக்கு நின்று எரிகிற மொத்த விறகும் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக அடுக்கி வைத்திருந்தோம்.

முந்திய இரவு மரக்கறி வெட்ட லயத்துப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். தேங்காய் துருவ, வாழையிலை துடைக்க, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்று அவரவராகவே பிரித்துக்கொண்டார்கள். மண்டபத்தில் இதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டும். தோட்டத்தில் கொடுப்பது வேறு. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நாங்களும் அரிவாள்மனையோடு போய் உட்கார வேண்டும். போகிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலை நான் பெரிதாக மதிக்கிறேன். கொழும்பில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் கல்யாணம் எல்லாவற்றையும் மண்டபத்துக்கு மாற்றுகிறபோது முதலில் அறுபடுவது இதுதான்.

மண்டபம் என்று முடிவெடுத்தவர்களுக்குச் சில கேள்விகள். சாவி எத்தனை மணிக்குக் கையில் வரும்? விடியற்கால முகூர்த்தமானால் முந்திய இரவே வேண்டும், அந்த இரவுக்குத் தனி வாடகையா என்று கேளுங்கள். மணவறையில் அக்கினி வளர்க்க விடுவார்களா? புகை எழுந்தால் எச்சரிக்கை மணி அடிக்கிற இடங்கள் இப்போது வந்துவிட்டன. வெளிச் சமையல்காரரை அனுமதிப்பார்களா, சமையல்கட்டுக்கு மேலே கூரை இருக்கிறதா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் மின்விளக்குக்கு மட்டுமா, தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்தா? படிகள் எத்தனை, கைப்பிடி உண்டா? பெண்களின் கழிப்பறைக்கு நீங்களே போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். மழை நாளில் ஒரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது. கூரை எங்கே ஒழுகுகிறது என்பது வெயிலில் தெரியாது.

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நான்கரை ஐந்தரை முகூர்த்தம் வைப்பவர்கள் இதை நினைவில் வைத்து, நாதஸ்வரத்தையும் தவிலையும் மைக் இல்லாமலே வாசிக்கச் சொல்லுங்கள். மலைக்கு நடுவில் தவிலுக்கு மைக் தேவையே இல்லை.

ஒப்பந்தத்தில் நாள் தள்ளிப்போனால் முற்பணம் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகம் முழுக்க மண் சரிந்து, ரயில் பாதையும் வீதிகளும் அறுந்து போனதை நாங்கள் பார்த்தோம். உயிர்களையும் வீடுகளையும் இழந்த சனத்துக்கு முன்னால் கல்யாணம் தள்ளிப்போவது ஒரு இழப்பே இல்லை. ஆனாலும் கடன் வாங்கிக் கட்டிய முற்பணம் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய காசு. மழைக்காலத்தில் கல்யாணம் வைத்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிற மண்சரிவு எச்சரிக்கையை அந்த வாரம் முழுக்கக் கவனியுங்கள். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும் என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த முகூர்த்தத்துக்காகவும் சனத்தைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாது. மழை இல்லாத நாளிலும் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வரை பிற்பகலில் பனிமூட்டம் இறங்கும். அதனால் கொழும்புக்குத் திரும்புகிறவர்களுக்கு முதல் பந்தி கொடுத்து நேரத்தோடு அனுப்பிவைத்தோம். சாரதிமாருக்கும் அந்தப் பந்தியிலேயே இலை போட்டோம்.

காசைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் அப்போது ஒரு லட்சம் ரூபாய் என்பது ஏறக்குறைய 74 நாள் வேலையாக இருந்தது. சேமலாப நிதிக்குப் பிடிப்பது போக இன்னும் கூடியது. மேடை அலங்காரம், வீடியோ, பூக்கார் என்று மண்டபக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லும்போது நான் மனதுக்குள் அதை நாட்களாக மாற்றிக்கொண்டேன். இத்தனை நாள் அம்மா மலையேறினால்தான் இந்தப் பூ என்று தெரிந்தபோது பலதும் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சாப்பாட்டில் மட்டும் கை வைக்கவில்லை.

கடைசியாகப் பதிவு. இதைக் கல்யாண நாளின் ஒரு சடங்காகவே நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களில் தாலி கட்டிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் பதியாமல் இருந்த தம்பதிகள் எத்தனையோ பேர். கணவன் இறந்த பிறகு அவருடைய சேமலாப நிதிக்காக அலுவலகம் அலுவலகமாக நடந்த பெண்களை எனக்குத் தெரியும். பதினெட்டு வயது இருவருக்கும் நிறைந்திருக்க வேண்டும். பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்துக் காத்திருக்கும் வழியும் உண்டு, விசேட அனுமதிப்பத்திரம் எடுத்து உடனே பதியும் வழியும் உண்டு. எதுவானாலும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் மாதக்கணக்கு முன்னதாகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எங்கள் சனத்தின் பத்திரங்களில் தமிழ்ப் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேறு வேறாகப் பதிந்திருப்பது சாதாரணம். திருத்துவதற்குக் காலம் எடுக்கும். பதிவாளரைக் கோவிலுக்கோ மண்டபத்துக்கோ வரவழைக்கலாம், அதற்கு என்ன கட்டணம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிற இருவரும் அடையாள அட்டையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்களா என்று, மாப்பிள்ளையை மணவறைக்கு அழைப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.