மாத்திரை அட்டையில் முதலில் படிக்க வேண்டியது

குண்டனி நாடு உள்ளிட்ட கொல்லிமலை ஊர்களில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்குவோர், டோலோ, குரோசின், கால்பால் என்னும் வணிகப் பெயர்களைத் தேடுவதைக் காட்டிலும், அட்டையில் அச்சிட்டிருக்கும் மூலப்பெயரையும், அதாவது நோயைத் தணிக்கும் வேதிப்பொருளின் பெயரையும், அதன் மில்லிகிராம் அளவையும் படிப்பதே பயன் தரும். இம்மூன்று வணிகப் பெயர் மாத்திரைகளிலும் இருப்பது பாராசிட்டமால்தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவும், 2025 பிப்ரவரியில் தமிழகமெங்கும் 1000 இடங்களில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களில் குறைந்த விலைக்கும் கிடைக்கும் மூலப்பெயர் மாத்திரைகளில் விளம்பரச் செலவு பெரிதாகச் சேர்வதில்லை என்பதால், விலைக் குறைவை வீரியக் குறைவாகக் கருதி ஒதுக்குவது வீண் செலவுக்கே வழிவகுக்கும். உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது: சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால், பெயர் வேறு என்பதால் மருந்தும் வேறு என்று நம்பி, காய்ச்சல் மாத்திரையையும் சளி மாத்திரையையும் சேர்த்து விழுங்குவோருக்கு அளவு மிஞ்சிக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.