தணலில் வாட்டிய பறங்கிக்காய்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் முதல் போர்ட்டிக்சன் வரையுள்ள தோட்டங்களில், வேலியோரம் படர்ந்து காய்க்கும் பறங்கிக்காயைச் சாம்பாரில் குழைய விடுவதோடு நில்லாமல், தணலில் வாட்டியும் உண்டு பார்ப்பது உசிதம். காம்பு உலர்ந்து, நகம் பதியாத தோலுடைய முற்றிய காயையே தேர்ந்து, விதை நீக்கி, தோலோடு அரையங்குலக் கனத்தில் கீற்றுகளாக அரிந்து, நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் தடவி, சிரட்டைக் கரியின் ஜ்வாலை அடங்கிச் சாம்பல் பூத்த சமயத்தில் கம்பிவலைமீது பரப்புக. பக்கத்துக்கு 5, 6 நிமிஷம் வாட்டி, ஓரங்கள் கருகத் தொடங்கி, ஈர்க்குச்சி தடையின்றி இறங்கினால் அதுவே பக்குவம். உப்பை முன்னதாகவே தூவினால் காய் நீர்விட்டுத் துவண்டுவிடுமாதலால், இறக்கிய பின்னரே உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும். எண்ணெய் ருசிக்கு மாத்திரமன்று. பறங்கிக்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்போடு கூடினால்தான் தேகத்தில் நன்கு சேரும். ரசஞ்சோற்றுக்கு இது மிக உத்தமமான துணை.