ஒற்றி எடுத்த கோடு

ஆண்டி வார்ஹோல் 1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் இன்றைய ஸ்லோவாக்கியா நாட்டுச் சிற்றூரிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். வீட்டில் ரூசின் மொழி, வெளியே ஆங்கிலம். சிறுவயதில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்த மகனுக்குத் தாய் ஜூலியா படக்கதை இதழ்களையும் வண்ணந்தீட்டும் புத்தகங்களையும் கொடுத்தார்.

1949இல் பட்டம் பெற்று நியூயார்க் சென்ற வார்ஹோல் விளம்பர ஓவியரானார். காலணிகளுக்காக அவர் வரைந்த படங்கள் நாளிதழில் வெளிவந்தன. விளம்பர வேலையை ஓவியர் பலர் கலையாக மதிக்காத காலம் அது. அவர் கையாண்ட முறை எளியது. மை உறிஞ்சாத தாளில் பென்சிலால் படம் வரைவார். கோட்டின்மேல் சிறிது சிறிதாக மையிட்டு, ஈரம் உலருமுன் வேறொரு தாளில் ஒற்றி எடுப்பார். அத்தாளில் விட்டுவிட்டுத் தெரியும் கோடு பதியும். ஒரே படத்தை மீண்டும் மீண்டும் எடுக்கவும் இயலும்.

பின்னாளில் நியூயார்க் வந்து மகனுடன் தங்கிய ஜூலியா, அவருடைய படங்களுக்குத் தம் கையால் எழுத்துகளை எழுதித் தந்தார். ஆங்கிலம் அவருக்கு நன்கு பழகாத மொழி. பூனைகள் பற்றிய நூலொன்றின் தலைப்பில் ஓர் எழுத்து விடுபட்டது. மகன் அதைத் திருத்தாமலே அச்சிட்டார். அத்தலைப்பு இன்றும் அப்படியே வழங்குகிறது.

1962இல் வார்ஹோல் 32 சூப் டப்பாக்களை 32 ஓவியங்களாகக் காட்சிக்கு வைத்தார். அச்சிட்டவைபோல் தோன்றினும் அவை பெரும்பாலும் கையால் தீட்டியவை. அவ்வாண்டே, துணியிலும் சுவரொட்டியிலும் வணிகர் பயன்படுத்திவந்த திரை அச்சுக்கு அவர் மாறினார். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியே திரை. படம் வேண்டாத இடங்களில் அதன் நுண்துளைகளை அடைத்துவிட்டு, ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் அடியிலுள்ள பரப்பில் உருவம் பதியும். (நம் திருமணங்களில் தரும் தாம்பூலப் பைகளில் மணமக்கள் பெயர் பதிவதும் இம்முறையில்தான்.)

அவ்வாண்டு ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்தார். அவருடைய புகைப்படம் ஒன்றைத் திரையாக்கி, 50 முறை பதித்தார் வார்ஹோல். இடப்பக்க முகங்கள் வண்ணத்தில்; வலப்பக்க முகங்கள் கறுப்பு வெள்ளையில். மை மிகுந்த இடத்தில் முகம் கறுக்கிறது. குறைந்த இடத்தில் மங்கி மறைகிறது. தேர்ந்த அச்சகத்தார் கழித்துவிடும் பதிவுகள் அவை. வார்ஹோல் கழிக்கவில்லை.

சொற்பொருள்
ஒற்றுதல் – அழுத்திப் பதித்தல்
வழங்குதல் – (இங்கு) புழக்கத்தில் இருத்தல்

வினாக்கள்
1. ஒற்றி எடுக்கும் முறையும் திரை அச்சும் எவ்வகையில் ஒத்துள்ளன?
2. தாயின் எழுத்தை மகன் ஏன் திருத்தவில்லை எனக் கருதுகிறீர்கள்?
3. உங்கள் வீட்டில் ஒருவரைத் தமிழில் நான்கு வரிகள் எழுதித் தரச் சொல்லி, அவ்வெழுத்தைப் பார்த்து அப்படியே வரைக.