வெட்டவும் வேண்டும், கட்டவும் வேண்டும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

கத்தி என்றதும் நம் நினைவுக்கு வருவது அதன் கூர்மைதான். காய்கறி நறுக்க அது போதும். ஆனால் மனித உடலைத் திறக்கும் மருத்துவருக்குக் கூர்மை பாதி வேலையைத்தான் செய்து தரும். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. அதில் 2 லிட்டர் விரைந்து வெளியேறினால் உயிருக்கே ஆபத்து. தோலை வெட்டினாலும் தசையை வெட்டினாலும் இரத்தக் குழாய்கள் அறுபடாமல் இரா. எனவே அறுவைக் கருவியை வடிவமைப்பவர் முன் இரு முரணான வேலைகள் நிற்கின்றன. திசுவைப் பிளக்கவும் வேண்டும். பிளந்த இடத்தில் இரத்தத்தைக் கட்டவும் வேண்டும். இவ்விரண்டும் ஒரே கருவிக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தன என்பதைக் காண்போம்.

நெருப்பும் நூலும்

நம் நாட்டின் பழம்பெரும் மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை, இரத்தத்தை நிறுத்த நான்கு வழிகளைக் கூறுகிறது. துவர்ப்புப் பொருள்களால் காயத்தைக் கூட்டுதல், குளிர்ச்சியால் உறையச் செய்தல், சாம்பலிடுதல், சூடு போடுதல் என்பன அவை. மற்றவை பயன்படாதபோதே சூட்டைக் கையாள வேண்டும் என்பது அதன் அறிவுரை.

ஐரோப்பாவிலோ நெடுங்காலம் பழுக்கக் காய்ச்சிய இரும்பையே பெரிதும் நம்பினர். கால் நீக்கப்பட்ட இடத்தில் அதை வைத்து அழுத்துவார்கள். இரத்தம் நிற்கும், ஆனால் சுற்றியுள்ள நல்ல சதையும் கருகிவிடும். மயக்க மருந்து இல்லாத காலம் அது! பிரெஞ்சுப் படை மருத்துவர் அம்புரோய்ஸ் பாரே இக்கொடுமையைக் கண்டு மனம் வருந்தினார். 1552-இல் ஒரு முற்றுகையின்போது, கால் நீக்கப்பட்ட வீரரின் இரத்தக் குழாய்களை இடுக்கியால் பற்றி நூலால் கட்டினார். சூட்டுக்கோல் தேவைப்படவில்லை. குணமாக்கிய பெருமையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே தந்தவர் அவர்.

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் ஸ்பென்சர் வெல்ஸ் இவ்விடுக்கியைச் சீர்படுத்தினார். கைப்பிடியில் சிறு பற்கள் கொண்ட பூட்டு இருப்பதால், கையை எடுத்தாலும் பிடி தளராது. இன்றும் ஆபரேஷன் தியேட்டரில் 'ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்' இல்லாத தட்டைக் காண்பது அரிது.

ஆயினும் மூளையில் நூல் தோற்றது. அங்கே குழாய்கள் மிக மெல்லியவை. முடிச்சுப் போட இடமும் இல்லை.

தாவரவியலார் செய்த உதவி

அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், 1911-இல் நூலுக்குப் பதிலாகச் சிறிய வெள்ளிக் கவ்விகளைப் புகுத்தினார். அப்படியும் சில கட்டிகளைத் தொடவே அவர் தயங்கினார். அந்நாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் போவி என்பவர் இருந்தார். அவர் அறுவை மருத்துவர் அல்லர். தாவரங்களை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். உயர் அதிர்வெண் மின்சாரத்தால் திசுவை வெட்டவும் இரத்தத்தை உறையச் செய்யவும் வல்ல ஒரு கருவியை அவர் அமைத்தார்.

1926 அக்டோபர் 1-ஆம் நாள், பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் குஷிங் அதைப் பயன்படுத்தினார். நோயாளியின் மண்டையில் இரத்த ஓட்டம் மிகுந்த கட்டி. சில நாட்களுக்கு முன் தொடங்கிய அறுவை, இரத்தப் பெருக்கால் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. இம்முறை கட்டி அகற்றப்பட்டது. இயலாது என்று முன்பு கைவிடப்பட்ட வேறு நோயாளிகளையும் குஷிங் மீண்டும் அழைத்துச் சிகிச்சை செய்தார். போவியோ தம் காப்புரிமையை ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார் என்பர்.

மின்சாரம் ஏன் தாக்குவதில்லை?

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அது உடலில் பாய்ந்தால் நரம்பும் தசையும் துடிக்கும், இதயமே நின்றுவிடலாம். நொடிக்கு 10,000 சுற்றுகளுக்கு மேல் அலைவுறும் மின்சாரம் தசையைத் துடிக்கச் செய்வதில்லை என்பதைப் பிரெஞ்சு அறிஞர் டார்சோன்வால் 1891-இல் காட்டினார். அறுவைக் கருவியில் அது நொடிக்குப் பல இலட்சம் முறை திசை மாறுகிறது. நரம்பு விழித்துக்கொள்ளும் முன்பே அடுத்த மாற்றம் வந்துவிடுகிறது!

அப்படியானால் வெப்பம் எங்கிருந்து வருகிறது? நாம் படிக்கும் ஜூல் விதியே விடை தருகிறது. மின்னோட்டம் மருத்துவர் கையிலுள்ள முனை வழியாக உடலில் நுழைந்து, நோயாளியின் தொடையில் ஒட்டிய அகன்ற தகட்டின் வழியாக வெளியேறுகிறது. முனை தொடும் இடம் 1 சதுர மில்லிமீட்டர் என்றும், தகடு 100 சதுர சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். தகட்டின் பரப்பு 10,000 மடங்கு. வெப்பமோ மின்னோட்ட நெருக்கத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே தகட்டின் அடியில், சம அளவு திசுவில் பிறக்கும் வெப்பம் பத்துக் கோடியில் ஒரு பங்கே! ஒரே மின்னோட்டம் ஓரிடத்தில் வெட்டுகிறது. மற்றோரிடத்தில் தெரியாமலே கடந்து செல்கிறது.

மின்னோட்டம் இடைவிடாது பாய்ந்தால் உயிரணுவிலுள்ள நீர் கொதித்து, உயிரணு வெடிக்கிறது. வரிசையாக வெடிக்கும் உயிரணுக்களே வெட்டு. விட்டுவிட்டுப் பாய்ந்தால் இடையிடையே திசு ஆறுகிறது. வெடிக்காமல் வற்றிச் சுருங்குகிறது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் புரதம் உறையத் தொடங்கும். முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது வெண்மையாகிக் கெட்டிப்படுவது போல. இவ்வாறு குழாயின் வாய் அடைபடுகிறது. ஒரே முனை, ஒரே மின்சாரம். அது பாயும் முறை மட்டுமே வேறு.

நிறுத்தத் தெரிந்த கருவி

இக்கருவியிலும் ஆபத்து உண்டு. தகடு கழன்று ஒரு மூலை மட்டும் உடலைத் தொட்டால், அந்த மூலையே இன்னொரு வெட்டுமுனையாகித் தோலைச் சுட்டுவிடும். அதனால்தான் பிற்காலத்தில் தகட்டை இரு பாதிகளாக அமைத்தனர். இரண்டும் உடலோடு நன்றாக ஒட்டியுள்ளனவா என்று கருவியே கண்காணித்து, இல்லையெனில் மின்சாரத்தை நிறுத்திவிடும். தோலில் தடவிய ஸ்பிரிட் உலரும் முன் பொறி பட்டால் தீப்பிடிக்கும் என்பதையும் தியேட்டரில் உள்ளோர் மறப்பதில்லை.

இன்று வேறு கருவிகளும் வந்துள்ளன. ஒன்றின் அலகு நொடிக்கு 55,500 முறை அதிர்ந்து, நோயாளியின் உடலில் மின்சாரமே பாயாமல் வெட்டி அடைக்கிறது. மற்றொன்று 7 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள குழாயைத் தாடைகளால் அழுத்தி, மின் வெப்பத்தால் அதன் சுவர்களை ஒன்றாக உருக்கி ஒட்டுகிறது. திசுவின் மின்தடையை அது இடைவிடாமல் அளக்கிறது. ஒட்டியது போதும் என்று அறிந்ததும் தானே நின்று ஒலி எழுப்புகிறது. அதன் பிறகே நடுவிலுள்ள கத்தி நகர்கிறது. முதலில் கட்டு, பிறகு வெட்டு!

காய்ச்சிய இரும்புக்கும் இக்கருவிக்கும் உள்ள வேறுபாடு வெப்பத்தில் இல்லை. இரும்புக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது, இதற்குத் தெரியும். நோயுற்ற சதைக்கு அருகிலுள்ள நல்ல சதையின் மீது வைக்கும் இரக்கமே இந்த நெடிய முயற்சியின் உந்துதல்.

தோழியரே, மருத்துவராகும் வாய்ப்புப் பெற்றவர் மட்டுமே நோயாளிக்கு உதவ முடியும் என்று எண்ண வேண்டாம். செடிகளை ஆராய்ந்த ஒருவர் அமைத்த கருவியால் மூளை மருத்துவரின் கை வலுப்பெற்றது. நாம் இன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஜூல் விதி, இதே வேளையில் எங்கோ ஓர் ஆபரேஷன் தியேட்டரில் ஓர் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.